மிஷனரி வீட்டு வாசலில் ‘ஓடி! ஓடி!’

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சில வாரங்களுக்கு முன்னால் உங்கள் நாளிதழின் வாசகர் பகுதியில் ஒருவர் வெளிநாட்டுக்கு மிஷனரியாகப் போகிறவர்களைப் பற்றி எழுதியிருந்தார். டாலரில் சம்பளம், பங்களா, கார், வேலைக்காரர்கள். வருஷத்துக்கு ஒரு தடவை ஊருக்கு வந்து கோட்டு மாட்டிக்கொண்டு சாட்சி சொல்லிவிட்டுப் போவார்கள் என்பது அவர் கட்சி. படித்த அன்றே பதில் எழுத உட்கார்ந்தேன். பேனாவை மூடி வைத்துவிட்டேன். எங்கள் சபையிலேயே இதைவிடப் பெரிய தப்பு ஒன்று நடந்திருந்தது. அதில் எனக்கும் பங்கு உண்டு. அதை மறைத்துவிட்டு அவருக்கு மட்டும் பாடம் எடுக்க மனசு வரவில்லை. இப்போது இரண்டையும் சேர்த்தே எழுதுகிறேன். கடிதம் நீளம்தான். வெட்டுவதானால் வெட்டுங்கள், தகரக் கூரை விஷயத்தை மட்டும் வெட்டாதீர்கள்.

நான் தண்டையார்பேட்டைக்காரி. மாநகராட்சிப் பள்ளியில் 34 வருஷம் தமிழ் சொல்லிக்கொடுத்து ஓய்வுபெற்றவள். என் மகளும் மாப்பிள்ளையும் மலாவி நாட்டில் பிளாண்டயர் என்ற ஊரில் ஊழியம் செய்கிறார்கள். மலாவி என்றதும் எங்கள் தெருவில் எல்லாரும் "மலேசியாவா?" என்றுதான் கேட்பார்கள். இல்லை, ஆப்பிரிக்கா. தான்சானியா, சாம்பியா, மொசாம்பிக் மூன்றுக்கும் நடுவில், கடல் இல்லாமல் பெரிய ஏரி ஒன்றைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நீளவாக்கில் கிடக்கிற நாடு.

பிரசவத்துக்கு மகள் தாய்வீடு வருவதுதானே வழக்கம். என் வீட்டில் தலைகீழ். மூன்று பேர் வந்து போகிற டிக்கெட் செலவை நினைத்து, 2024 மே மாதம் நானே கிளம்பினேன். கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் மஞ்சள் காய்ச்சல் ஊசி போட்டுக்கொண்டேன். ராசப்ப செட்டித் தெரு நாட்டு மருந்துக் கடையில் பிரசவ லேகியத்துக்கு வேண்டிய சரக்கெல்லாம் கட்டி வாங்கினேன். காசிமேட்டில் நெத்திலிக் கருவாடு இரண்டு கிலோ. வாசம் வெளியே வரக்கூடாது என்று ஐந்து சுற்று பிளாஸ்டிக் போட்டு, அதற்கு மேல் ஒரு பழைய பெட்ஷீட். மும்பை போய், அடிஸ் அபாபாவில் விமானம் மாறி, பிளாண்டயரில் இறங்குகிற வரைக்கும் அந்தப் பெட்டியைப் பற்றித்தான் எனக்குக் கவலை. போய்ச் சேர்ந்த மூன்றாம் நாள் மகள் சந்தைக்குக் கூட்டிப்போனாள். அங்கே குவியல் குவியலாகக் கருவாடு! ஏரியில் பிடிக்கிற பொடி மீனை உசிபா என்கிறார்கள். அப்படியே நம் நெத்திலி. நான் ஆடாமல் அசையாமல் நின்றதைப் பார்த்து மகள் சிரித்த சிரிப்பை இன்னும் மறக்கவில்லை.

முதலில் அந்த பங்களா. ந்திராண்டே என்கிற பகுதியில் மலையடிவாரத்தில் வாடகை வீடு. (தமிழில் மெய்யெழுத்தில் சொல் தொடங்காது என்று காலமெல்லாம் சொல்லிக்கொடுத்தவள் நான். அந்த ஊர்ப் பெயரைச் சொல்ல எனக்கு மூன்று வாரம் பிடித்தது.) வியாசர்பாடியைத் தூக்கி ஒரு சரிவில் வைத்தால் எப்படி இருக்கும், அப்படி ஒரு நெருக்கம். மூன்று அறை, மேலே தகரம், சிவப்புப் பாலீஷ் போட்டுத் தேய்த்த சிமெண்டுத் தரை. குழாயில் தண்ணீர் நடுராத்திரிக்கு மேல்தான் வரும், அதுவும் எல்லா ராத்திரியும் இல்லை. தண்ணீருக்காக விழித்திருக்கிற வேலை லாரித் தண்ணீர் காலத்தோடு எனக்கு முடிந்துவிட்டது என்று நினைத்திருந்தேன். மாப்பிள்ளை இரண்டு மணிக்கு எழுந்து டிரம்மில் டியூபைப் போட்டுவிட்டு, பக்கத்திலேயே ஸ்டூல் போட்டு மறுநாள் வகுப்புக்குப் படித்துக்கொண்டிருப்பார். "நீங்க படுங்க மாப்ள, நான் பார்த்துக்கறேன்" என்றால் கேட்க மாட்டார். கரண்ட் போனால் ம்பாவுலா என்கிற கரி அடுப்பு. எனக்கு அது புதுசில்லை. எங்கள் அம்மா கரி அடுப்பில் சமைத்துத்தான் எங்களை வளர்த்தார்.

கார் உண்டு, இல்லை என்று சொல்லவில்லை. ஜப்பானில் ஓடித் தேய்ந்து அங்கே வந்து சேர்ந்த வண்டி, சபையுடையது. ஆம்புலன்சும் அதுதான், அமரர் ஊர்தியும் அதுதான். பெட்ரோல் தட்டுப்பாடு வந்தால் மூன்று நாள் அசையாது. வேலைக்காரரும் உண்டு. ஓர் அம்மாள் வாரம் மூன்று நாள் துணி துவைக்க வருவார். மாதா மாதம் பணம் வருகிற வீடு ஒருவருக்காவது வேலை கொடுக்காமல் இருந்தால் அந்தத் தெருவில் கஞ்சன் என்று பெயராகிவிடுமாம்.

டாலர்தான் எங்கே என்று நானும் தேடிப் பார்த்தேன். இங்கிருந்து போவது ரூபாய். பத்துச் சின்னச் சபைகளின் மிஷனரி உண்டியல், அறுப்புப் பண்டிகை ஏலத்தில் வந்த பூசணிக்காய்க் காசு, பெண்கள் ஐக்கியத்தார் முறுக்கு சுட்டு விற்றது, இப்படிச் சேர்ந்த ரூபாய். சோறு பொங்கும்போது ஒரு பிடி அரிசியைத் தனிப்பானையில் போட்டு மிஷனரி ஊழியத்துக்கென்று எடுத்து வைத்த தாயின் மகள் நான். 1903இல் திருநெல்வேலியில் இந்திய மிஷனரி சங்கத்தை அசரியாவும் மற்றவர்களும் தொடங்கியபோதே இந்திய ஆட்கள், இந்தியப் பணம், இந்திய நிர்வாகம் என்றுதான் ஆரம்பித்தார்கள். அதே 1903இல் நெல்லூர் பக்கத்துத் தெலுங்கு பாப்டிஸ்ட் சபையார் ஜான் ரங்கையாவைக் கப்பலேற்றித் தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்கு அனுப்பினார்கள், கரும்புத் தோட்டத்துக் கூலிகள் மத்தியில் ஊழியம் செய்ய. டாலர்க் கதை சொல்கிறவர்கள் இதையும் கொஞ்சம் படிக்கலாம்.

2023 நவம்பரில் மலாவி தன் நாணயமான குவாச்சாவின் மதிப்பை இறக்கியதில், அங்கே டாலரின் விலை 44 விழுக்காடு ஏறியது. ரூபாய் அனுப்புகிற நமக்கு இது லாபமாச்சே என்று எங்கள் கமிட்டியில் ஒருவர் சந்தோஷமாகக் கணக்குப் போட்டார். சர்க்கரை, எண்ணெய், பெட்ரோல் ஏறிய விலை அவர் கணக்கில் வரவில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

மிஷனரி என்றால் காலையில் எழுந்து பிரசங்கம் செய்யப் போகிறவர் என்று நானும் நினைத்திருந்தேன். ஞாயிறு பள்ளி ஆசிரியையாக இருந்த காலத்தில், எங்கள் சபைக்கு வந்த மிஷனரிகளிடம் சிங்கம் பார்த்தீர்களா, பாம்பு கடித்ததா என்று பிள்ளைகளைக் கேட்க வைத்தவளும் நான்தான். மகள் வீட்டில் பார்த்தது வேறு. அங்கே யாரும் கதவைத் தட்டுவதில்லை. வாசலில் நின்று "ஓடி! ஓடி!" என்று குரல் கொடுப்பார்கள். உள்ளே வரலாமா என்று அர்த்தமாம். முதல் நாள் காலை ஆறு மணிக்கு ஓர் ஆள் "ஓடி! ஓடி!" என்று கத்தியதும் நான் தீப்பிடித்துவிட்டதென்று நினைத்துப் பாஸ்போர்ட் பையை எடுத்துக்கொண்டு வாசலுக்கு ஓடினேன். வந்தவர், ராத்திரி ஒரு பாட்டி இறந்துவிட்டதைச் சொல்ல வந்திருந்தார்.

அப்புறம் எண்ண ஆரம்பித்தேன். வாத்தியார் புத்தி போகாதே. காலண்டரில் ஒவ்வொரு ‘ஓடி’க்கும் ஒரு கோடு. ஒரு செவ்வாய்க்கிழமை மட்டும் 23 கோடு. வயிற்றுப்போக்கு வந்த குழந்தையோடு ஒரு தாய். பரீட்சைக் கட்டணம் கட்ட ஒரு பையன். குடித்துவிட்டு அடிக்கிற கணவனைப் பற்றிச் சொல்லிவிட்டு, ஒன்றும் கேட்காமல், அரை மணி நேரம் சும்மா உட்கார்ந்துவிட்டுப் போன ஒரு பெண். பாடகர் குழுவில் இரண்டு பிரிவுக்குள் சண்டை, இரண்டு தரப்பும் தனித்தனியாக வந்தது. வேலைக்கு விண்ணப்பம் எழுதித் தரச் சொல்லி ஒருவர். மரவள்ளிக் கிழங்கு கொடுத்துவிட்டுப் போக ஒரு பாட்டி. ஒவ்வொருவரோடும் முதலில் நலம் விசாரித்தாக வேண்டும். முலி ப்வாஞ்சி, நன்றாக இருக்கிறீர்களா, வீட்டில் எப்படி, குழந்தைகள் எப்படி. அது முடியாமல் விஷயத்துக்குப் போனால் மரியாதைக் குறைவு. ஏழு மாதக் கர்ப்பத்தில் என் மகள் 23 தடவையும் எழுந்து போய் அதைச் செய்தாள்.

சிச்சேவா மொழியில் நம்மைப் போலவே நீ, நீங்கள் உண்டு. இவே என்றால் நீ, இனு என்றால் நீங்கள். அப்பா அம்மாவை இவே என்றால் முதுகில் போடுவார்கள். போதகருக்கு அபுசா என்று பெயர். மேய்ப்பர் என்ற சொல்லுக்கு முன்னால் மரியாதைக்கு ஓர் ‘அ’. அவர் மனைவி அமாயி புசா. நம் சபைகளில் போதகரின் மனைவியை ஐயரம்மா என்கிறோமே, அச்சாக அதேதான். ஐயரம்மாவுக்கென்று தனிப் பெயர் கிடையாது என்பதுகூட அச்சாக அதேதான். ஐந்து வயதுப் பேத்தி என்னை ஆயா என்பாள். தெருப் பிள்ளைகளுக்கு நான் அகோகோ, அதாவது பாட்டி. ஒரு வாரத்தில் அந்தச் சரிவு முழுவதற்கும் நான் கோகோ ஆகிவிட்டேன்.

பேத்திக்குத் தமிழ் பேச வருகிறது, எழுத வரவில்லை. மூன்று மாதத்தில் ‘ஞ’ வரைக்கும் கொண்டுவந்தேன். சிச்சேவாவில் ‘ங்’ என்று சொல்லே தொடங்குமாம், அதனால் நான் பயந்துகொண்டிருந்த ‘ங’ அவளுக்கு ஒரு நிமிஷ வேலையாகப் போயிற்று. அடுத்து எந்தப் பள்ளி என்பதுதான் அந்த வீட்டின் பெரிய கேள்வி. அங்கே நல்ல பள்ளிக்குக் கட்டணம் கட்ட முடியாது; இங்கே மிஷனரி பிள்ளைகள் விடுதியில் விடலாம் என்றால் மகள் எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவாள்.

மதமாற்றம் என்று முகம் சுளிக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. 2018 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் மலாவியின் மக்கள் ஒன்றே முக்கால் கோடி. அதில் 77 விழுக்காடு ஏற்கெனவே கிறிஸ்தவர்கள். மாப்பிள்ளை போய்ச் சேர்ந்த சபை வளர்வது யாரோ மதம் மாறுவதால் அல்ல. கிராமத்தில் மழை பொய்த்தால் ஜனங்கள் பிளாண்டயருக்கு வருகிறார்கள், குழந்தைகள் பிறக்கிறார்கள், இருந்த கொட்டகை போதவில்லை. ஒரு போதகருக்கு நாலைந்து ஜெபவீடுகள். எல்லா இடத்துக்கும் ஞாயிற்றுக்கிழமை அவரால் ஓட முடியாதே. அதனால் தையல்காரர், டிரைவர், மளிகைக் கடைக்காரர் என்று சபை மூப்பர்களுக்கு வேதபாடமும் கணக்கு எழுதுவதும் சொல்லிக்கொடுப்பதுதான் மாப்பிள்ளையின் வேலை. வேலைநாள் சாயங்காலம், மெழுகுவர்த்தி வெளிச்சத்தில். என் மகள் ஞாயிறு பள்ளி ஆசிரியைகளுக்கு. சபை வளர்கிறது என்று நாம் இங்கே ஸ்தோத்திரம் சொல்கிறோம். அங்கே வளர்வது என்றால் நாற்காலி போதவில்லை, கழிவறை இரண்டுதான் இருக்கிறது, மாதத்துக்கு மாதம் சாவும் கூடுகிறது என்று அர்த்தம்.

சாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் வடசென்னையில் இழவு வீட்டில் விடிய விடிய கானா பாடுவார்கள், உங்களுக்குத் தெரியும். இறந்தவரின் பேரும் புகழும் கடனும்கூடப் பாட்டில் வந்துவிடும். அங்கேயும் விடிய விடியப் பாட்டுத்தான், சபைப் பாட்டு. அந்தப் பாட்டி இறந்த அன்றைக்கு, மாசமாக இருக்கிற மகளை அனுப்ப மனமில்லாமல் நான் போனேன். இடுப்பில் சித்தேஞ்சே என்கிற துணியைச் சுற்றிவிட்டார்கள்; நம்ம கைலிதான், பூ மட்டும் பெரிசு. பெண்கள் எல்லாரும் உள்ளே பாயில், காலை நீட்டிக்கொண்டு. ஆண்கள் வெளியே நெருப்பைச் சுற்றி. ஒருவர் பாட்டை எடுப்பார், மற்றவர்கள் மூன்று குரலில் பிரிந்து அதைத் தாங்குவார்கள். புத்தகம் கிடையாது. பாட்டு ஓய்ந்தால் யாரும் பேசமாட்டார்கள். ஓர் இருமல், ஒரு குழந்தை சிணுங்கல், பிறகு இருட்டில் இன்னொரு மூலையிலிருந்து அடுத்த பாட்டு கிளம்பும். காலையில் பெரிய பானையில் ன்சிமா கிண்டினார்கள். மக்காச்சோள மாவுக் களி. துடுப்புப் போடுகிற கையைப் பார்த்தே எனக்கு ராகிக் களி ஞாபகம் வந்துவிட்டது. ஒரு சிறுமி சொம்பில் தண்ணீர் ஊற்ற, கை கழுவிவிட்டு, உருட்டிச் சாப்பிட்டேன். வெள்ளைக்காரர்களுக்கு இது பழக மாதக் கணக்காகுமாம். எனக்கு அரை நிமிஷம் ஆகவில்லை. அடக்கத்துக்கு முன்னால் ஒரு நோட்டைப் பிரித்து யார் எவ்வளவு கொடுத்தார்கள், எத்தனை தட்டு மாவு கொடுத்தார்கள் என்று உரக்கப் படித்தார்கள். மொய் நோட்டு! அதில் கடைசிக்கு முந்தின வரியில், "அமாயி புசாவின் அம்மா, இந்தியா" என்று இருந்தது.

அந்த ஜூன் மாதம் 10ஆம் தேதி நாட்டின் துணை ஜனாதிபதி சாவ்லோஸ் சிலிமா போன ராணுவ விமானம் விழுந்து, அவரும் அவரோடு இருந்த எட்டுப் பேரும் இறந்துபோனார்கள். நாடே துக்கம் காத்தது. எங்கள் தெருவிலும் வீட்டுக்கு வீடு அழுதார்கள். மாப்பிள்ளை அந்த வாரம் வீட்டில் சாப்பிட்டதே குறைவு.

ஜூலையில் குளிர். ஆப்பிரிக்கா என்றால் வெயில் என்று நம்பிப் பருத்திப் புடவையோடு போனவள் நான். மொசாம்பிக் பக்கத்து மலையிலிருந்து சிபெரோனி என்று ஒரு தூறல் வரும். மழையும் இல்லை, பனியும் இல்லை, மூன்று நாள் எலும்புக்குள் உட்கார்ந்துகொள்ளும். அந்தக் குளிரில்தான் பேரன் பிறந்தான். ஆஸ்பத்திரியில் நோயாளிக்குச் சமைப்பது சொந்தக்காரர்கள் பாடு. நானும் வெளியே வரிசையாக இருந்த அடுப்புகளில் ஒன்றைப் பிடித்துப் பூண்டுக் குழம்பு வைத்தேன். பக்கத்து அடுப்புக்காரிகள் மூக்கைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள், பிறகு ஆளுக்கொரு கரண்டி கேட்டு வாங்கினார்கள். வீட்டுக்கு வந்த பிறகு பத்து நாள் வாசலில் ‘ஓடி’ ஓயவில்லை. வேர்க்கடலை மாவு போட்ட கஞ்சி, முட்டை, சோப்பு, ஒரு மூட்டைக் கரி. துணி துவைக்க வருகிற அம்மாள் என் மகளைக் கட்டிலைவிட்டு இறங்க விடவில்லை. லேகியத்தை மட்டும் யாரும் தொடவில்லை. நியாயம்தான், மகளே தொடவில்லை.

இனிமேல்தான் தகரம்.

அங்கே சுவர் எழுப்புவது சபைக்குப் பெரிய பாரமில்லை. அவர்களே மண்ணை மிதித்து, அச்சில் வார்த்து, சூளை வைத்துச் செங்கல் சுட்டுவிடுகிறார்கள். பணத்தைத் தின்பது சிமெண்டும் கூரைத் தகரமும்தான். பழைய கொட்டகைக்குப் பக்கத்தில் புதுச் சுவர் ஆள் உயரத்துக்கு மேல் நின்றது. இந்தச் செய்தி வந்ததும் எங்கள் சபையின் மிஷனரி கமிட்டி உற்சாகமாகி, முழுக் கூரையும் நாங்கள் போட்டுத் தருகிறோம் என்று எழுதியது. வாசலில் ஒரு பளிங்குக் கல், அதில் எங்கள் சபையின் பெயர், உபயம். பிரதிஷ்டைக்கு இரண்டு பேர் வருவார்கள், போட்டோ வேண்டும். யாரும் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. இங்கே காணிக்கை போட்ட வயசானவர்களுக்கு ஒரு படமாவது காட்ட வேண்டாமா என்று கேட்டார்கள். அந்தக் கூட்டத்தில் கை தூக்கியவர்களில் நானும் ஒருத்தி.

மலாவி மூப்பர்கள் வேண்டாம் என்றுவிட்டார்கள். மாப்பிள்ளை போனில் சொன்னபோது அவர்தான் கெடுத்துவிட்டார் என்று எனக்குக் கோபம். நேரில் போன பிறகு, மூப்பராக இருக்கிற தையல்காரரிடம் மகளை மொழிபெயர்க்கச் சொல்லி நானே கேட்டேன். அவர் மெஷினை நிறுத்தாமல் சொன்னார்: "வீட்டுக்காரன் போட்ட கூரை ஒழுகினால் வீட்டுக்காரன் ஏறுவான். விருந்தாளி போட்ட கூரை ஒழுகினால் விருந்தாளிக்குக் கடிதம் போடுவோம்." பிறகு என் ரவிக்கையின் கைத் தையலைப் பார்த்துவிட்டு, இது யார் தைத்தது, சரியில்லையே என்றார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பார்த்தேன். காணிக்கைக்கு வரிசை வரிசையாக எழுந்து ஆடிக்கொண்டே முன்னால் போவார்கள், அது வழக்கம். அன்றைக்குப் பின்வாசலிலிருந்து இரண்டு குடும்பங்கள் ஆளுக்கொரு தகரம் தூக்கிக்கொண்டு வந்தார்கள். தலைக்கு மேல் நீளமாக, முன்னால் அப்பா பின்னால் பெரிய பையன். அவர்கள் ஆடுகிற ஆட்டத்துக்குத் தகரம் வளைந்து வளைந்து ‘வொப் வொப்’ என்று சத்தம் போட்டது. பெண்கள் குலவை போட்டார்கள். போடாத கூரைக்கு அடியில், வெயிலில், தகரத்தைச் சுவரோரம் சாய்த்துவிட்டுத் திரும்பிப் போனார்கள். சாக்கட்டியில் அதன்மேல் எண் போட்டார்கள். அன்றோடு 38. மொத்தம் வேண்டியது 96. மாப்பிள்ளை அந்தக் காணிக்கைப் பணத்தைக் கையால் தொடுவதில்லை. மூப்பர்கள் எண்ணுவார்கள், இவர் கடைசி வரிசையில் உட்கார்ந்து பேத்திக்குச் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தார்.

இங்கே என்ன ஆயிற்று என்றால், கமிட்டிக்கு மனத்தாங்கல். அதோடு காலாண்டு அறிக்கை வந்தது. அந்தப் படிவத்தில் புதிய ஆத்துமாக்கள், ஞானஸ்நானம், சிறப்புச் சாட்சி என்று பெரிய கட்டங்கள். மாப்பிள்ளை அவற்றில் உண்மையைச் சின்ன எண்களாக எழுதிவிட்டு, கீழே ‘இதர பணிகள்’ என்ற ஒரு விரற்கடை இடத்தில் ‘அடக்கம் 41’ என்று எழுதியிருந்தார். ஒரு மூத்த உறுப்பினர் அதைப் படித்துவிட்டு, "41 நாள் அடக்கமா இருந்தாராமா?" என்று கேட்டாராம். சிரிப்பு வருகிறது, இல்லையா? எனக்கும் வந்தது. ஆனால் ‘அறிக்கை தெளிவாக இல்லை’ என்று மூன்று மாதம் பணம் போகவில்லை. நான் அங்கே இருந்த அந்த மூன்று மாதம்.

மகள் என்னிடம் சொல்லவில்லை. அவளுடைய கணக்கு நோட்டைத் தற்செயலாகப் பார்த்தேன். மாவுக் கடைக்காரர் பெயருக்கு எதிரே பாக்கி, பாக்கி, பாக்கி. ஆஸ்பத்திரிக்கு மளிகைக் கடைக்காரரான ஒரு மூப்பரிடம் கைமாற்று. நாம் அனுப்பிய மிஷனரிக்கு அந்தச் சபையார் கடன் கொடுத்துக் காப்பாற்றியிருக்கிறார்கள். என் பென்ஷனிலிருந்து கொண்டுபோயிருந்ததைக் கொடுத்துப் பாதியை அடைத்தேன். அன்றைக்கு ராத்திரி தூக்கமில்லை. அந்த அறிக்கைப் படிவத்தைச் சில வருஷங்களுக்கு முன்னால் அளவுகோல் வைத்துக் கோடு போட்டு, கட்டம் கட்டி, என் கையெழுத்தில் எழுதிக் கொடுத்தது நான். ‘இதர பணிகள்’ என்பதற்கு ஒரு விரற்கடை இடம் போதும் என்று முடிவு செய்தது நான்.

பிளாண்டயரில் தூய மிக்கேல் ஆலயம் என்று செங்கல்லில் கட்டிய அழகான கோயில் ஒன்று இருக்கிறது. கட்டடக்கலை படிக்காத டேவிட் கிளமெண்ட் ஸ்காட் என்ற ஸ்காட்லாந்து மிஷனரி, அந்த ஊர் ஆட்களோடு சேர்ந்து 1888 முதல் 1891 வரை கட்டியது. ஊருக்கு வந்ததற்கு அடையாளமாக என்னையும் கூட்டிப்போய்க் காட்டினார்கள். 1888 என்றதும் எனக்கு ஊர் ஞாபகம். அதே வருஷம்தான் ஸ்காட்லாந்திலிருந்து டாக்டர் மட்டில்டா மக்ஃபெயில் அம்மையார் மதராசுக்கு வந்தார். அவர் ஆரம்பித்த மருத்துவப் பணிதான் பிறகு ராயபுரம் ரெய்னி ஆஸ்பத்திரி. நான் பிறந்தது அங்கே. என் மகள் பிறந்ததும் அங்கே. அந்த அம்மையாரைப் பற்றிச் சபையில் எத்தனையோ தடவை பேசக் கேட்டிருக்கிறேன். ராயபுரத்தில் அவருக்குத் தண்ணீர் எங்கிருந்து வந்தது, நம் புழுக்கத்தில் ராத்திரி எப்படித் தூங்கினார், ஊரிலிருந்து பணம் வரத் தாமதமானால் மளிகைக் கடையில் யார் பாக்கி சொன்னது? யாரும் சொன்னதில்லை, அவரிடம் கட்டம் போட்ட படிவம்தான் கேட்டிருப்பார்கள் போலிருக்கிறது.

திரும்பி வந்ததும் கமிட்டியில் பேசினேன். சண்டை போட்டேன் என்றும் சொல்லலாம். கூரைக்கு ஒதுக்கிய பணத்தை மிஷனரிகளின் மருத்துவக் காப்பீட்டுக்கும், மூன்று வருஷத்துக்கு ஒரு தடவை அவர்கள் ஊர் வந்து போகிற டிக்கெட்டுக்கும் மாற்றச் சொன்னேன். மாதப் பணம் அறிக்கைக்காகக் காத்திருக்கக் கூடாது, 5ஆம் தேதி என்றால் 5ஆம் தேதி போக வேண்டும் என்றேன். காப்பீட்டுக்குச் சம்மதித்தார்கள். டிக்கெட்டைப் ‘பரிசீலிக்கிறோம்’ என்றார்கள். பளிங்குக் கல் ஏற்கெனவே செதுக்க முன்பணம் கொடுத்தாயிற்றாம். அதை எங்கள் ஆலயத்துச் சமையல்கூடத்தில் பாத்திரம் கழுவுகிற இடத்தில் போடலாம் என்று நான் சொன்னதை யாரும் ரசிக்கவில்லை. புதுப் படிவம் நான் எழுதிக் கொடுத்திருக்கிறேன். அதில் ஒரே ஒரு கேள்வி, முழுப் பக்கமும் வெற்று இடம்: இந்த மாதம் வீட்டில் எல்லாரும் எப்படி இருக்கிறீர்கள்?

டாலர் கடிதம் எழுதிய அன்பருக்கு என்மேல் கோபம் வேண்டாம். ஒரு மாதம் பிளாண்டயரில் இருந்து பார்க்க விருப்பம் என்றால் பாய் இருக்கிறது, கருவாடும் இருக்கிறது. ஸ்வெட்டர் மட்டும் எடுத்துப் போகட்டும்.

நமக்கும் அவர்களுக்கும் மூன்றரை மணி நேர வித்தியாசம். தினம் இங்கே ஒன்பதரைக்கு நான் வீடியோவில் கூப்பிடுவேன், அங்கே சாயங்காலம் ஆறு. நேற்றும் கூப்பிட்டேன். தகரம் 71 ஆகிவிட்டதாம். பேரன் வாயில் ஏதோ துணியைக் கடித்துக்கொண்டிருந்தான். பேத்தி ‘ட’ எழுதிக் காட்டினாள், அடிக்கோடு எதிர்ப்பக்கம் திரும்பியிருந்தது. திருத்த வாயெடுத்தேன், அதற்குள் வாசலில் ஆண் குரல்: "ஓடி! ஓடி!" மகள், "அம்மா, அப்புறம் பேசறேன்" என்று போனை மேசைமேல் கவிழ்த்து வைத்தாள். அணைக்க மறந்துவிட்டாள். திரை கறுப்பாக இருந்தது. அவள் நலம் விசாரிக்கிறது கேட்டது, அந்த ஆள் பதில் சொல்வது கேட்டது, வீட்டில் எப்படி, குழந்தைகள் எப்படி. நான் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தமிழாசிரியை,
தண்டையார்பேட்டை, சென்னை – 81.

(சபைக்குள் இருக்கிற விஷயம் என்பதால் பெயர் வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.)